சார்லஸ் புரோட்டியஸ் ஸ்டைன்மெட்ஸ்

சார்லஸ் புரோட்டியஸ் ஸ்டைன்மெட்ஸ் (ஏப்ரல் 9, 1865 – அக்டோபர் 26, 1923) புருசியாவில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த மின்பொறியாளரும் கணிதவியலாளரும் ஆவார். காந்தத் தயக்க இழப்பைக் கணக்கிடும் விதியையும், மாறுதிசை மின்னோட்டச் சுற்றுகளைச் சிக்கலெண்களைக் கொண்டு எளிதாகத் தீர்க்கும் முறையையும் அளித்தவர் இவரே. மின்னல், குறுக்குச்சுற்று, திடீர் இணைப்பு, துண்டிப்பு முதலியவற்றால் மின்தொகுப்பில் எழும் குழப்பங்களைக் கணித முறையில் ஆராய்ந்து, தொழிற்சாலைகளுக்கும் நகரங்களுக்கும் மின்சாரம் தடையின்றிக் கிடைக்க வழிவகுத்த முன்னோடிகளுள் ஒருவராகவும் இவர் கருதப்படுகிறார். பிறப்பிலேயே கூன் முதுகும் குள்ள உருவமும் கொண்டிருந்த இவரின் உயரம் ஏறத்தாழ 4 அடி மட்டுமே.

இளமையும் கல்வியும்

ஸ்டைன்மெட்ஸ், அப்போது புருசியாவைச் சேர்ந்ததாகவும் இப்போது போலந்து நாட்டில் வ்ரோத்ஸ்வாஃப் என்ற பெயரில் உள்ளதுமான பிரெசுலாவ் நகரில் பிறந்தார். இவருக்கு இடப்பட்ட பெயர் கார்ல் ஆகஸ்ட் ருடால்ஃப் ஸ்டைன்மெட்ஸ் என்பதாகும். தந்தை இரயில்வே அலுவலகத்தில் கல்லச்சுப் பணி புரிந்தவர். இவர் குழந்தையாக இருந்தபோதே தாய் இறந்துவிட்டார். பாட்டியே இவரை வளர்த்தார். இவரது உடற்குறை பரம்பரையாக வந்தது. தந்தைக்கும் பாட்டனாருக்கும் அதே குறை இருந்தது.

பிரெசுலாவ் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் பயின்றார். அங்கு மாணவர் கழகத்தில் தோழர்கள் இவருக்குப் புரோட்டியஸ் என்று பட்டப்பெயர் சூட்டினர். புரோட்டியஸ் என்பவர் கிரேக்கத் தொன்மங்களில் வரும், நினைத்த உருவை எடுக்கவல்ல கடல் தேவர் ஆவார். பிற்காலத்தில் ஸ்டைன்மெட்ஸ் இப்பெயரையே தம் பெயரின் நடுப்பகுதியாகச் சேர்த்துக்கொண்டார்.

நாடு நீங்குதல்

பல்கலைக்கழகத்தில் இவர் சோசலிச மாணவர் குழுவில் சேர்ந்தார். பிஸ்மார்க் கொண்டுவந்த சோசலிச எதிர்ப்புச் சட்டம் 1878 முதல் 1890 வரை நடைமுறையில் இருந்தது. தடைசெய்யப்பட்ட கருத்துகளை வெளியிட்ட ஓர் இதழின் ஆசிரியப் பொறுப்பை ஸ்டைன்மெட்ஸ் ஏற்றிருந்தார். முனைவர் பட்டம் பெறும் தறுவாயில், 1888 இல், கைது செய்யப்படும் நிலை ஏற்பட்டதால் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகருக்குத் தப்பிச் சென்றார். பட்டம் கைக்கு எட்டாமலே போயிற்று. சூரிக்கில் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் பயின்றார்.

1889 இல் ஆஸ்கர் ஆஸ்முசன் என்ற நண்பருடன் கப்பலில் நியூயார்க் சென்றார். ஊனமுற்ற தோற்றம், ஆங்கிலம் அறியாமை, கையில் பணமின்மை ஆகிய காரணங்களால் குடிவரவு அதிகாரிகள் இவரைத் திருப்பியனுப்ப முற்பட்டனர். தம்மிடமுள்ள பணம் இருவருக்கும் உரியது என்றும், தாமே இவரைப் பார்த்துக்கொள்வதாகவும் ஆஸ்முசன் உறுதியளித்த பின்னரே இவர் உள்ளே அனுமதிக்கப்பட்டார். இந்நிகழ்ச்சி எல்லிஸ் தீவில் நடந்ததாகச் சில நூல்களில் காணப்படுவது பொருந்தாது. அத்தீவின் குடிவரவு நிலையம் 1892 இல் தான் திறக்கப்பட்டது.

காந்தத் தயக்க விதி

நியூயார்க் மாநிலத்தின் யாங்கர்ஸ் நகரில் ருடால்ஃப் ஐக்கமையர் என்பவரின் தொழிலகத்தில் ஸ்டைன்மெட்ஸ் வரைவாளராக வேலைக்குச் சேர்ந்தார். ஐக்கமையரும் 1848 புரட்சிக்குப் பின் செருமனியிலிருந்து வெளியேறியவரே. தொப்பி செய்யும் இயந்திரங்களைத் தயாரித்துவந்த அவர், அக்காலத்தில் மின் இயந்திரங்களையும் உருவாக்கத் தொடங்கியிருந்தார். ஸ்டைன்மெட்ஸுக்கு அங்கே ஒரு சிறிய ஆய்வுக்கூடம் அமைத்துத் தரப்பட்டது.

மாறுதிசை மின்னோட்டத்தில் இயங்கும் கருவிகளின் இரும்பு உள்ளகம் ஒவ்வொரு சுழற்சியிலும் காந்தமாகி, மீண்டும் எதிர்த்திசையில் காந்தமாகிறது. அப்போது ஒரு பகுதி ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. இது காந்தத் தயக்க இழப்பு எனப்படும். அக்காலப் பொறியாளர்களுக்கு இதனை முன்கூட்டியே கணக்கிடும் வழி தெரியாது. இயந்திரத்தைச் செய்து முடித்து ஓட்டிப் பார்த்து, அது அளவுக்கு மீறிச் சூடேறினால் மீண்டும் மாற்றியமைப்பர். ஸ்டைன்மெட்ஸ் பலவகை இரும்புகளைச் சோதித்து, இவ்விழப்பு காந்தப்பாய அடர்த்தியின் 1.6 ஆம் அடுக்கிற்கு ஏற்ப மாறுகிறது என்று கண்டறிந்தார். 1892 சனவரியில் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தில் இதனை வெளியிட்டபோது இவருக்கு வயது 26. இவ்விதியின் விரிவுபடுத்தப்பட்ட வடிவம் ஸ்டைன்மெட்ஸ் சமன்பாடு என்ற பெயரில் மின்மாற்றி, மின்தூண்டி ஆகியவற்றின் வடிவமைப்பில் இன்றும் பயன்படுகிறது.

சிக்கலெண் முறை

மாறுதிசை மின்னோட்டத்தின் அளவு நொடிதோறும் பலமுறை ஏறி இறங்குவதால், அதன் கணக்குகளுக்கு வகைக்கெழுச் சமன்பாடுகள் தேவைப்பட்டன. 1893 இல் சிகாகோவில் நடந்த பன்னாட்டு மின்னியல் மாநாட்டில், இவற்றைச் சிக்கலெண்களைக் கொண்டு சாதாரண இயற்கணிதமாகத் தீர்க்கலாம் என்று ஸ்டைன்மெட்ஸ் காட்டினார். சிக்கலெண்ணின் ஒரு பகுதி மின்தடையையும் மறுபகுதி தூண்டல், தேக்கம் ஆகியவற்றின் விளைவையும் குறிக்கும். ஆர்தர் கென்னலி என்பவரும் அதே ஆண்டில் இத்தகைய முறையை முன்வைத்திருந்தார். எனினும் முழுமையான கணிப்பு முறையாக வளர்த்துப் பொறியாளர்களிடையே பரப்பியவர் ஸ்டைன்மெட்ஸே. மின்பொறியியல் மாணவர்கள் இன்று முதலாண்டிலேயே கற்பது இம்முறையாகும்.

ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில்

ஐக்கமையரின் தொழிலகத்தை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் வாங்கியபோது ஸ்டைன்மெட்ஸும் அந்நிறுவனத்தின் பணிக்கு மாறினார். முதலில் லின் நகரிலும், 1894 முதல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரிலும் பணியாற்றினார். இறுதிவரை அந்நகரிலேயே வாழ்ந்தார்.

தொழில் நிறுவனத்திற்கு அடிப்படை அறிவியல் ஆய்வுக்கூடம் ஒன்று தேவை என்று இவர் நிர்வாகத்தை வலியுறுத்தினார். அதன் பயனாக 1900 இல் தொடங்கப்பெற்ற ஆய்வுக்கூடம், முதலில் இவர் குடியிருந்த வீட்டின் பின்புறக் கொட்டிலில் இயங்கியது. வேதியியலாளர் வில்லிஸ் விட்னி அதன் முதல் இயக்குநரானார். ஸ்டைன்மெட்ஸ் 1901–1902 ஆம் ஆண்டில் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் தலைவராக இருந்தார். 1902 முதல் யூனியன் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியராகவும் விளங்கினார். பிரெசுலாவில் கைநழுவிய முனைவர் பட்டத்தை, 1903 இல் அக்கல்லூரி இவருக்கு மதிப்புறு பட்டமாக வழங்கியது.

மின்தொகுப்புக் குழப்பங்கள் பற்றிய ஆய்வு

பின்னணி

தொடக்கத்தில் ஒவ்வொரு தொழிற்சாலையும் தனக்கென ஒரு நீராவிப் பொறியையோ மின்னாக்கியையோ வைத்திருந்தது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய மின்நிலையங்களும் நீண்ட மின்தடங்களும் தோன்றவே, ஆலைகள் பொது மின்தொகுப்பை நம்பத் தொடங்கின. இதனால் மின்சாரத்தின் விலை குறைந்தது. ஆனால் புதிய இடர் ஒன்றும் வந்து சேர்ந்தது. பல மைல் தொலைவில் விழும் ஒரு மின்னலோ, எங்கோ ஏற்படும் ஒரு குறுக்குச்சுற்றோ, அதனோடு தொடர்பில்லாத ஆலைகளையும் நிறுத்திவிடக்கூடும்.

மின்னழுத்தம் ஒரு நொடிக்கும் குறைந்த நேரம் தாழ்ந்தாலும் ஆலைக்குப் பாதிப்பு உண்டு. தூண்டல் மின்னோடியின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. எனவே மின்னழுத்தம் 70 விழுக்காடாகக் குறைந்தால் முறுக்குவிசை ஏறத்தாழப் பாதியாகிவிடும். சுமை மிகுந்த மின்னோடி நின்றுபோகலாம். மின்காந்தத்தால் பிடித்துவைக்கப்படும் நிலைமாற்றிகள் விடுபட்டுவிடும். ஒத்தியங்கு மின்னோடிகள் மின்தொகுப்பின் சுழற்சியோடு இசைவிழக்கும். விளக்கு ஒருமுறை மங்கி ஒளிர்வதோடு வீட்டில் முடிந்துவிடும் நிகழ்ச்சி, ஆலையில் பல மணிநேர வேலை இழப்பாக மாறுவதற்கு இதுவே காரணம்.

மாறுநிலை நிகழ்வுகள்

ஒரு மின்சுற்று ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு உடனடியாக மாறிவிடுவதில்லை என்பது ஸ்டைன்மெட்ஸின் ஆய்வுக்கு அடிப்படை. மின்தடத்தைச் சூழ்ந்துள்ள காந்தப்புலத்திலும் மின்புலத்திலும் ஆற்றல் சேமிக்கப்பட்டிருக்கிறது. சுற்று திடீரென மாற்றப்படும்போது அவ்வாற்றல் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு அலைபோல ஊசலாடி, மின்தடையில் கரைந்து அடங்குகிறது. இந்த இடைப்பட்ட கணங்களில் தோன்றுவனவே மாறுநிலை நிகழ்வுகள்.

கம்பத்தின் மேல் செல்லும் மின்தடத்தின் அலைமறிப்பு பொதுவாக 400 ஓம் அளவில் இருக்கும். அதில் பாயும் 100 ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரே கணத்தில் நிறுத்தினால், ஏறத்தாழ 40,000 வோல்ட் மின்னழுத்த அலை ஒன்று தோன்றித் தடத்தில் ஓடும். அவ்வலை திறந்த முனையை அடையும்போது எதிரொளித்து இருமடங்காகும். மின்மாற்றிகளின் காப்புகள் காரணம் புலப்படாமல் துளைபட்டமைக்கு இத்தகைய அலைகளே காரணமாக இருந்தன.

1909 இல் ஸ்டைன்மெட்ஸ் இவ்விடயம் பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1911 இல் இதே பொருளை எளிமையாக விளக்கும் விரிவுரைகளையும் நூலாக்கினார். விபத்து என்று கருதப்பட்டு வந்தவற்றைக் கணக்கிடத்தக்க நிகழ்வுகளாக இந்நூல்கள் மாற்றின.

மின்னல் தடுப்பி

மின்னல் தடுப்பிக்கு இரண்டு பணிகள் உண்டு. மிகை மின்னழுத்தம் வரும்போது அதனை நிலத்திற்கு வழிப்படுத்த வேண்டும். அது கடந்தவுடன் வழியை உடனே அடைத்தும்விட வேண்டும். அடைக்கத் தவறினால், மின்னலைப் பின்தொடர்ந்து மின்நிலையத்தின் மின்னோட்டமே அவ்வழியில் பாய்ந்து குறுக்குச்சுற்றாகிவிடும். மின்னலால் நேரும் சேதத்தைவிட இது பெரிதாக இருக்கக்கூடும்.

ஸ்டைன்மெட்ஸின் உடன்பணியாளரான எல்மர் கிரைட்டன் உருவாக்கிய அலுமினியக் கலத் தடுப்பி இதற்கு ஒரு தீர்வாக அமைந்தது. மின்பகு நீர்மத்தில் வைக்கப்பட்ட அலுமினியத் தகட்டின் மீதுள்ள மெல்லிய ஆக்சைடுப் படலம், வழக்கமான மின்னழுத்தத்தைத் தடுக்கும். அதற்கு மேற்பட்டால் வழிவிட்டுப் பின் தானே மூடிக்கொள்ளும். படலம் கெடாமலிருக்க அதனை நாள்தோறும் பராமரிக்க வேண்டியிருந்தது. 1970களிலிருந்து பரவிய துத்தநாக ஆக்சைடுத் தடுப்பிகள் இதே வேலையை இத்தகைய பராமரிப்பின்றிச் செய்கின்றன.

குறுக்குச்சுற்றும் நிலைப்புத்தன்மையும்

பல மின்னாக்கிகளை ஒன்றாக இணைக்கும்போது, ஓரிடத்தில் ஏற்படும் குறுக்குச்சுற்றுக்கு அவை அனைத்தும் மின்னோட்டத்தை அளிக்கின்றன. இணைப்பு பெரிதாகப் பெரிதாகக் குறுக்குச்சுற்றின் அழிவாற்றலும் பெருகும். மின்சுற்று முறிப்பான்களால் அதைத் துண்டிக்கவும் இயலாது போகும். இதற்காக மின்நிலையத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, அவற்றுக்கிடையே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தூண்டற்சுருள்கள் வைக்கப்பட்டன. ஒரு பகுதியில் நேரும் பழுது மற்றப் பகுதிகளின் மின்னழுத்தத்தை முழுதும் வீழ்த்தாமல் இச்சுருள்கள் காத்தன.

ஆனால் அச்சுருள்களே வேறொரு சிக்கலையும் உண்டாக்கின. இணைக்கப்பட்ட மின்னாக்கிகள் அனைத்தும் ஒரே கதியில் ஒத்தியங்க வேண்டும். ஒன்று சற்று முந்தினால், அதிலிருந்து மற்றதற்குப் பாயும் திறன் அதனைப் பின்னிழுத்து நேர்ப்படுத்துகிறது. இடையிலுள்ள தூண்டற்சுருள் பெரிதாக இருந்தால் இந்தப் பிணைப்பு தளர்ந்துவிடும். பழுதின்போது மின்னழுத்தம் வீழ்வதால் மின்னாக்கி அனுப்பும் திறன் குறைகிறது. ஆனால் நீராவிச் சுழலி முன்போலவே தள்ளிக்கொண்டிருக்கிறது. எனவே சுழலகம் விரைவடைகிறது. அது ஓர் எல்லையைக் கடந்துவிட்டால், பழுது நீங்கிய பின்னரும் மின்னாக்கிகள் மீண்டும் ஒத்தியங்க மாட்டா.

1920 இல் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தில் ஸ்டைன்மெட்ஸ் அளித்த ஆய்வுரை, மின்நிலையங்களின் நிலைப்புத்தன்மை குறித்த இச்சிக்கலை ஆராய்ந்தது. மின்தொகுப்பு நிலைப்புத்தன்மை என்னும் துறையின் தொடக்கமாகப் பாடநூல்கள் இதனையே குறிப்பிடுகின்றன. மின்தொகுப்பை இறுக இணைத்தால் சேதம் பரவும், தளர இணைத்தால் இசைவு குலையும். இவ்விரண்டிற்கும் இடையே தகுந்த அளவைக் கணக்கிட்டுத் தெரிந்துகொள்வது இன்றளவும் மின்தொகுப்புப் பொறியாளர்களின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாகும்.

செயற்கை மின்னல்

மோகாக் ஆற்றை ஒட்டிய ஓடைக்கரையில் ஸ்டைன்மெட்ஸுக்கு ஒரு மரக்குடில் இருந்தது. கோடைக்காலங்களில் அங்குத் தங்கி, சிறு படகின் குறுக்கே பலகையிட்டு அதன்மீது கணக்குகள் எழுதுவது இவர் வழக்கம். ஒரு கோடையில் அக்குடிலின் மீது மின்னல் பாய்ந்தது. உடைந்த கண்ணாடி ஒன்றின் சில்லுகளைப் பொறுமையாகப் பொறுக்கிச் சேர்த்து, மின்னல் சென்ற தடத்தை இவர் ஆராய்ந்தார்.

இயற்கை மின்னலுக்காகக் காத்திருந்தால் தடுப்பிகளை முறையாகச் சோதிக்க இயலாது. எனவே 1922 இல் தம் ஆய்வுக்கூடத்தில் செயற்கை மின்னலை உண்டாக்கும் கருவி ஒன்றை அமைத்தார். வரிசையாக இணைக்கப்பட்ட மின்தேக்கிகளில் மின்னூட்டத்தைச் சேர்த்து ஒரே கணத்தில் வெளியேற்றுவது இதன் செயல்முறை. இது 120,000 வோல்ட் மின்னழுத்தமும் 10,000 ஆம்பியர் மின்னோட்டமும் தந்தது. வெளிப்பட்ட திறன் 10 இலட்சம் கிலோவாட்டுக்கும் மேல். ஆனால் அது நீடித்த நேரம் ஏறத்தாழ ஒரு நொடியின் இலட்சத்தில் ஒரு பங்கே. மொத்த ஆற்றலைக் கணக்கிட்டால், 60 வாட் விளக்கு ஒன்றை மூன்று நிமிடம் எரிக்கும் அளவே வரும். மின்னலின் கொடுமை ஆற்றலின் அளவால் அன்றி, அது வெளிப்படும் விரைவால் ஏற்படுவதை இது உணர்த்துகிறது.

மரக்கட்டைகளும் சிறிய மாதிரி வீடுகளும் இக்கருவியின் மின்னலால் சிதறுவதைப் பார்வையாளர்கள் கண்டனர். 1922 அக்டோபரில் தாமஸ் எடிசன் வந்து இதனைப் பார்வையிட்டார். மின்கருவிகளை விற்பனைக்கு முன் செயற்கை மின்னலலையால் சோதிக்கும் நடைமுறை, இத்தகைய கருவிகளிலிருந்து வளர்ந்ததாகும்.

சுண்ணக்கட்டிக் கதை

ஸ்டைன்மெட்ஸ் பற்றி வழங்கும் கதைகளில் மிகவும் பரவியது ஹென்றி ஃபோர்டின் ஆலை தொடர்பானது. அங்கே பழுதான பெரிய மின்னாக்கி ஒன்றை ஸ்டைன்மெட்ஸ் சென்று பார்த்தாராம். அதன் ஒலியைக் கேட்டு, கணக்கிட்டு, ஓரிடத்தில் சுண்ணக்கட்டியால் குறியிட்டாராம். அவ்விடத்தில் சுருளின் சில சுற்றுகளை நீக்கியதும் அது சரியாக இயங்கியதாம். 10,000 டாலர் கேட்டு அனுப்பிய பட்டியலுக்கு விளக்கம் கேட்கப்பட்டபோது, குறியிட்டதற்கு 1 டாலர் என்றும், குறியிட வேண்டிய இடத்தை அறிந்ததற்கு 9,999 டாலர் என்றும் பிரித்துக் காட்டினாராம். இக்கதை 1965 இல் லைஃப் இதழுக்கு வந்த வாசகர் கடிதம் ஒன்றால் பெரிதும் பரவியது. இதே அமைப்புள்ள கதை வேறு பொறியாளர்கள் பெயரிலும் வழங்குவதால் இதனை வரலாறாகக் கொள்ள இயலாது.

குடும்ப வாழ்வு

தம் உடற்குறை அடுத்த தலைமுறைக்குச் செல்லக்கூடாது என்று கருதிய ஸ்டைன்மெட்ஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. தம் ஆய்வுக்கூட உதவியாளர் ஜோசப் லீராய் ஹேடனைச் சட்டப்படி மகனாகத் தத்தெடுத்தார். ஹேடனும் அவர் மனைவி கொரினும் வெண்டல் தெருவில் இருந்த இவரது பெரிய வீட்டில் குடியேறினர். அவர்களின் மூன்று பிள்ளைகளுக்கும் இவர் தாத்தாவாக விளங்கினார். வீட்டையொட்டிய கண்ணாடிக் குடிலில் கள்ளி வகைகளையும் ஆர்க்கிட் மலர்களையும் வளர்த்தார். முதலை இனத்தைச் சேர்ந்த அலிகேட்டர்களையும் வளர்த்ததாகக் குறிப்புகள் உள்ளன. இவர் பயன்படுத்திய 1914 ஆம் ஆண்டு மின்சாரக் கார் யூனியன் கல்லூரியில் பாதுகாக்கப்படுகிறது.

அரசியலும் பொதுப்பணியும்

பெரிய முதலாளித்துவ நிறுவனம் ஒன்றில் பணியாற்றியபோதும் ஸ்டைன்மெட்ஸ் தம் சோசலிசக் கொள்கையைக் கைவிடவில்லை. 1911 தேர்தலில் சோசலிசக் கட்சியைச் சேர்ந்த ஜார்ஜ் லன் ஸ்கெனெக்டடியின் நகரத் தந்தையானார். அவரது நிர்வாகத்தில் ஸ்டைன்மெட்ஸ் கல்விக் குழுவின் தலைவராகப் பொறுப்பேற்றார். குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கும் தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கும் சிறப்பு வகுப்புகள் ஏற்பட இவர் துணைநின்றார். 1915 இல் நகரமன்றத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1922 இல் மாநிலப் பொறியாளர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். அதே ஆண்டில் ரஷ்யாவின் மின்மயமாக்கலுக்கு உதவ விருப்பம் தெரிவித்து லெனினுக்குக் கடிதம் எழுதினார். லெனினும் மறுமொழி அனுப்பினார்.

இறப்பு

1923 இல் அமெரிக்காவின் மேற்குக் கரைப் பகுதிகளுக்குக் குடும்பத்தினருடன் பயணம் செய்து திரும்பிய ஸ்டைன்மெட்ஸ், அக்டோபர் 26 அன்று ஸ்கெனெக்டடியில் இதயச் செயலிழப்பால் தம் 58 ஆம் வயதில் காலமானார். அந்நகரின் வேல் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இவர் பெயரில் ஏறத்தாழ 200 காப்புரிமங்கள் இருந்தன.

நினைவுகள்

இவரது வீடு பின்னர் இடிக்கப்பட்டு, அவ்விடம் பூங்காவாக உள்ளது. மரக்குடில் ஹென்றி ஃபோர்டின் முயற்சியால் மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்ன் நகரிலுள்ள அருங்காட்சியக வளாகத்திற்கு மாற்றப்பட்டது. 1977 இல் அமெரிக்க தேசியக் கண்டுபிடிப்பாளர் மன்றத்தில் இவர் பெயர் சேர்க்கப்பட்டது. 1983 இல் இவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிடப்பட்டது. மின், மின்னணுப் பொறியாளர்களின் பன்னாட்டுக் கழகமான ஐ.இ.இ.இ. 1979 இல் இவர் பெயரில் விருது ஒன்றை ஏற்படுத்தியது. 2015 இல் ஸ்கெனெக்டடியில் எடிசனுக்கும் இவருக்கும் சிலைகள் திறக்கப்பட்டன.

ஐன்ஸ்டைனும் ஸ்டைன்மெட்ஸும் தனியே நிற்பதாகப் பரவியுள்ள 1921 ஆம் ஆண்டு ஒளிப்படம், நியூ செர்சி மாநிலத்தின் வானொலி நிலையம் ஒன்றில் எடுக்கப்பட்ட குழுப்படத்திலிருந்து மற்றவர்களை நீக்கி உருவாக்கப்பட்டதாகும்.

முக்கிய நூல்கள்

மாறுதிசை மின்னோட்ட நிகழ்வுகளின் கோட்பாடும் கணக்கீடும் (1897, எர்ன்ஸ்ட் பெர்க் உதவியுடன்)
மின்பொறியியலின் கோட்பாட்டு அடிப்படைகள் (1901)
மாறுநிலை மின் நிகழ்வுகள், அலைவுகள் ஆகியவற்றின் கோட்பாடும் கணக்கீடும் (1909)
மின்னிறக்கங்கள், அலைகள், துடிப்புகள் பற்றிய தொடக்க விரிவுரைகள் (1911)
பொறியியல் கணிதம் (1911)
அமெரிக்காவும் புதிய யுகமும் (1916)
சார்புக் கோட்பாடும் வெளியும் பற்றிய நான்கு விரிவுரைகள் (1923)